தேதி போடாத நகல்

பாஸ்டனில் ஒருத்தியின் நல்ல பெயர் மூன்று ஷில்லிங் நாலு பென்னி. பத்திரிகையில் ஒரு வாரம் அறிவிப்புப் போட அச்சாபீஸில் வாங்கும் கட்டணம் அது. இரண்டாம் வாரத்துக்குப் பாதி விலை. நாற்பத்தாறு வருஷம் சேர்த்த பெயரைக் காலி செய்ய அதற்கு மேல் ஒரு காசு ஆகவில்லை. பேரம் பேசியிருந்தால் இன்னும் குறைத்திருப்பார்கள்.

அப்படி அச்சேறிய பெயர் என் அக்கா மெஹிட்டபெல் கோய்ட்டுடையது. வருஷம் 1769, மே மாதம்.

கண்ணாடி, ஈயம், வர்ணம், காகிதம், தேயிலை. இந்த ஐந்துக்கும் அமெரிக்கக் குடியேற்றக்காரர்களான எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் லண்டன் பாராளுமன்றம் வரி போட்டிருந்தது. சரி, வேறு தேசத்தில் வாங்கலாம் என்றால் அதற்கும் தடை. அரசருடைய கடையில்தான் வாங்க வேண்டும், அவர் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும், அதன் மேல் அவருக்கே வரியும் கட்ட வேண்டும். பேரத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் ஊர் வியாபாரிகளுக்கு இது வரியாகப் படவில்லை, அவமானமாகப் பட்டது. ஆகவே முந்தின வருஷம் ஆகஸ்டில் எல்லோரும் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். லண்டன் சரக்கே வேண்டாம். புத்தாண்டுக்குப் பிறகு ஒரு ஊசிகூட இறக்கக் கூடாது. வரியை எடுத்தால் வாங்குவோம், இல்லையென்றால் உங்கள் நெசவாளி பட்டினி கிடக்கட்டும்.

நானும் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அதில் பெரிய தியாகம் எதுவும் இல்லை. என் கடையின் மச்சில் இரண்டு வருஷத்துக்கான சரக்கு விற்காமல் கிடந்தது. புதுச் சரக்கு வராது என்றால் பழையதற்கு விலை ஏறும். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேரின் தேசபக்தி இப்படித்தான் மச்சிலிருந்து இறங்கி வந்தது. அதை யாரும் வெளியே சொல்வதில்லை.

அக்காவின் கதை வேறு. அவள் புருஷன் கோய்ட் மீன்பிடிக் கப்பலோடு முழுகிப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஊசி, பொத்தான், நாடா, ரிப்பன் விற்கும் ஒரு சின்னக் கடை அவளுக்கு. கடையில் சரக்கு அடிமட்டத்தில் இருந்தது. அவளுக்கு அந்த ஒப்பந்தம் நேரடி நஷ்டம். ஆனாலும் ஆண்கள் வரிசையாக நின்ற அந்த அறைக்குள் நுழைந்து, பேனாவை வாங்கி, தன் முழுப்பெயரையும் எழுதிவிட்டு வந்தாள்.

"என் பேர எவனும் இதுவரைக்கும் காகிதத்துல கேட்டதில்லடா ஜோத்தம்" என்றாள் என்னிடம். "கல்யாணத்துக்குக்கூட அப்பாவத்தான் கேட்டாங்க."

இனி என் விஷயம். அக்காவின் லண்டன் கடிதங்களை எல்லாம் எழுதுகிறவன் நான்தான். கடல் கடந்து போகும் கடிதத்தை எங்கள் ஊரில் யாரும் ஒரு பிரதியோடு விடமாட்டார்கள். கப்பல் முழுகும், பிரெஞ்சுக்காரன் பிடிப்பான், கேப்டன் குடித்துவிட்டுப் பையைத் தொலைப்பான். அதனால் மூலம் ஒரு கப்பலில், நகல் அடுத்த கப்பலில். என்னிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. நகலில் தேதியை வெற்றாக விட்டுவிடுவேன். கப்பல் கிளம்புகிற நாளில் கேப்டனே நிரப்பிக்கொள்வார். பழைய தேதி போட்ட கடிதத்தை லண்டன்காரன் முந்தாநாள் மீனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பான். புதுத் தேதி போட்டால் சரக்கு சீக்கிரம் வரும். இதை நானே கண்டுபிடித்த சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்தத்துக்கு முன்பே ஜூலைக் கடைசியில் அக்காவுக்காக ஒரு உத்தரவுக் கடிதம் எழுதினேன். ஊசி, குண்டூசி, பொத்தான், நாடா, ரிப்பன், கூடவே கடை ஜன்னலுக்கு இரண்டு பெட்டிக் கண்ணாடி. மூலம் உடனே போய்விட்டது. நகலைக் கேப்டன் ஸ்னோவிடம் கொடுத்திருந்தேன். அவர் கப்பலோ திமிங்கில எண்ணெய்ப் பீப்பாய்க்காகத் துறையிலேயே நாலு வாரம் காத்துக் கிடந்தது. இதற்குள் அக்கா கையெழுத்துப் போட்டாள். ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி, "சரக்கு வேண்டாம், அனுப்பாதீர்கள்" என்று அவள் சொல்ல நான் எழுதி, வேகமான கப்பலொன்றில் அனுப்பினேன்.

"ஸ்னோகிட்ட குடுத்த நகலத் திரும்ப வாங்கிட்டியாடா?" என்று கேட்டாள்.

"வாங்கிக்கலாம்க்கா. கப்பல் எங்க ஓடிப் போவுது? துறையில வேரு விட்டுக் கெடக்கு."

"மறந்துடாத."

"உன் கடைய நான் மறப்பனா?"

மறந்தேன். இருபத்தேழாம் தேதி காலை நல்ல காற்று அடித்தது, வேர் விட்ட கப்பல் போய்விட்டது. போனால் என்ன, வேண்டாம் என்ற கடிதம் முன்னாலேயே போய்ச் சேரும், பழைய நகலை எவன் மதிக்கப் போகிறான் என்று விட்டுவிட்டேன். அதில் தேதி வெற்றாக இருந்தது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

மே மாதம் சரக்கு வந்து இறங்கியது. மூன்று பெட்டி, கண்ணாடி அடைத்த மரக்கூடு இரண்டு. ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையில் அக்காவின் பெயர்.

துறையில் எந்தப் பெட்டி இறங்கினாலும் பார்த்து விசாரிக்க வியாபாரிகள் ஒரு குழு போட்டிருந்தார்கள். தலைவர் டீக்கன் ஒபதையா லோரிங். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு பிடிக்கிறவர், ஊரிலேயே பெரிய துணிக்கடைக்காரர். எழுத்தர் நான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதற்காகக் கொடுத்த பதவி. சம்பளம் கிடையாது, ஆனால் குழுவில் இருப்பவன் கடையை யாரும் சோதிக்கமாட்டார்கள். அது சம்பளத்தைவிட மேல்.

மதுக்கடை மாடியில் விசாரணை. அக்கா தேவாலயத்துக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமை கவுனைப் போட்டுக்கொண்டு வந்து நேராக உட்கார்ந்திருந்தாள். சரக்கோடு வந்த லண்டன் கடிதத்தை டீக்கன் உரக்கப் படித்தார்.

"'ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தில் சரக்கு வேண்டாம் என்றீர்கள். இருபத்தேழாம் தேதிக் கடிதத்தில் வேண்டும் என்றீர்கள். முதல் கடிதம் ஊருக்குக் காட்ட, இரண்டாவது எங்களுக்கு என்று புரிந்துகொண்டு அனுப்பியுள்ளோம்.'"

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. "தங்கள் ஊரின் வேறு சில நண்பர்களும் இவ்வாறே எழுதுகிறார்கள்." அதை டீக்கன் மனசுக்குள் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்தார். பிற்பாடு கோப்பில் சேர்க்கும்போது நான் பார்த்தேன். டீக்கனுக்கு மாதாமாதம் லண்டனிலிருந்து கப்பல் பாய்த்துணி வரும். பாய்த்துணிக்குத் தடை இல்லை. ஒரு கப்பல்கூட இல்லாதவருக்கு எதற்கு இவ்வளவு பாய் என்று எவனும் கேட்டதில்லை.

"கோய்ட் அம்மா, இருபத்தேழாம் தேதி கடிதம் போட்டீங்களா, இல்லையா?"

"போடல."

"அப்ப லண்டன்காரன் கனாக் கண்டானா?"

"அவன் என்ன கண்டான்னு எனக்கு எப்படித் தெரியும் டீக்கன்? நான் கடல்ல எறங்கிப் பாத்தனா?"

யாரோ சிரித்தார்கள். டீக்கன் சிரிக்கவில்லை. "ஒரு கையால கையெழுத்து, இன்னொரு கையால ஆர்டர். உங்க புருஷன் இருந்திருந்தா வெக்கப்பட்டிருப்பார்."

"அவர இழுக்காதீங்க, முழுகினவர் முழுகினாரு. என் கடிதமெல்லாம் என் தம்பிதான் எழுதறான். பேனாவோட இங்கயேதான் உக்காந்திருக்கான். அவனையே கேளுங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"ஜோத்தம் தம்பி, இருபத்தேழாம் தேதி நீ ஏதாவது எழுதினியா?"

அந்தக் கணத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஸ்னோ. வெற்றுத் தேதி. கிளம்பின அன்று அவர் நிரப்பின இருபத்தேழு. அதைச் சொல்வது ஒரு நிமிஷ வேலை. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்புதான், தேதி இல்லாமல் லண்டனுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறவன் திருட்டு இறக்குமதிக்காரன், அவன் பெயரும் பத்திரிகையில் வரும் என்று குழு தீர்மானம் போட்டிருந்தது. அதை என் அழகான கையெழுத்தில் நானே எழுதியிருந்தேன்.

"இருபத்தேழாம் தேதி நான் எந்தக் கடிதமும் எழுதல" என்றேன்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"அப்ப வேற ஆள வெச்சு எழுதியிருக்காங்க" என்றார் டீக்கன். "தம்பிக்குக்கூடத் தெரியாம."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள். நான் பேனாவை மையில் தோய்த்து, அவள் சொன்னதை, டீக்கன் சொன்னதை, நான் சொன்னதை வரிசையாக எழுதினேன்.

லண்டனுக்கே எழுதிக் கேட்டுவிடலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். லண்டனோடு நமக்கு இப்போது பேச்சுவார்த்தை இல்லை என்று டீக்கன் முடித்துவிட்டார்.

சரக்கைக் குழுவின் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். பெயர் பத்திரிகைக்குப் போனது. பத்திரிகை வந்த அன்று கடையை அடைத்துவிட்டு நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் ராஸ்பெர்ரி இலைக் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். தேயிலைக்குப் பதில் தேசபக்தர்கள் குடிப்பது. அந்த வீட்டில் அன்றும் தேயிலை இல்லை.

"அந்த நகல்தானேடா இது?" என்றாள், முதுகைத் திருப்பாமலே.

"ஆமாக்கா. தேதிய வெத்தா விட்டுட்டேன்."

"அத அங்கயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என் பேரும் போவும்க்கா. நாலு பிள்ளைங்க. வீட்டுல பேஷன்ஸ் வேற மாசமா இருக்கா. எவனும் என் கடைக்குள்ள கால் வெக்கமாட்டான்."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் போய் சொன்னா, தம்பியக் காட்டிக் குடுத்துத் தப்பிக்கிறேன்னு சொல்லுவாங்க. எவனும் நம்பமாட்டான். நீயே சொல்லணும்டா. இப்ப வேணாம். சூடு கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் சொல்லு."

"சொல்றேன்க்கா."

சூடு ஆறவில்லை. சுட்டிக் காட்டும் கை ஒன்று வரைந்து "இறக்குமதிக்காரி" என்று எழுதிய பலகையை அவள் கடைக்கு எதிரே நட்டார்கள். வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களின் பெயரை உரக்கச் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் சொல்ல ஒரு பெயரும் இல்லாமல் போனது. சுங்கக்காரன் வந்து கண்ணாடிக்கு வரி கேட்டான். கண்ணாடி கிடங்கில் பூட்டிக் கிடக்கிறதே என்றாள். பூட்டியது உங்கள் ஊர், இறங்கியது உங்கள் பெயரில், கட்டுங்கள் என்றான். கட்டினாள். அந்த வருஷம் எங்கள் தெருவில் அரசருக்குக் கண்ணாடி வரி கட்டிய ஒரே ஆள் அவள்தான். அதைக் கேள்விப்பட்டு, "வரியும் கட்டுறா பார்" என்று ஒரு சனிக்கிழமை ஜன்னலை உடைத்தார்கள். பன்னிரண்டு சதுரமும் போயிற்று. மாற்றிப் போட ஊரில் கண்ணாடி கிடையாது. இருப்பது இருநூறு அடி தள்ளி, கிடங்குக்குள், அவள் பெயரிலேயே இருக்கிறது. பலகை அடித்தாள். பகலிலும் மெழுகுவத்தி ஏற்றி, வராத வாடிக்கைக்காகக் காத்திருந்தாள்.

இதையும் சொல்லிவிட வேண்டும். அவள் ஊசி பூட்டிக் கிடந்ததால் என் ஊசிக்கு விலை வந்தது. எட்டு பென்னிக்குப் போன குண்டூசித் தாள் ஒன்றரை ஷில்லிங்குக்குப் போனது. என் மச்சு காலியாகி, தரை தெரிந்தது. சனிக்கிழமை பீன்ஸ் பானையில் பன்றிக்கறித் துண்டு பெரிதாகியது. அக்கா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்புவேன். கிண்ணம் கழுவி, துடைத்துத் திரும்பி வரும்.

ஜனவரியில் ஒரு நாள் அவளே என் கடைக்கு வந்தாள். லண்டன் முதலாளிகளின் உள்ளூர் வக்கீல் நோட்டீஸ் விட்டிருந்தார். நூற்றுப் பன்னிரண்டு பவுன் எட்டு ஷில்லிங். பிப்ரவரியோடு தவணை முடிகிறது, அதன்பின் வட்டி.

"விக்க முடியாத சரக்குக்குக் காசு கேக்கறான்" என்றாள். "நியாயம்தான். அவன் அனுப்பினான், வந்துச்சு."

நான் மேசை இழுப்பறையைத் திறந்தேன். "அக்கா, இதுல பன்னெண்டு பவுன் இருக்கு. இப்போதைக்கு வெச்சுக்கோ. வசந்தத்துல இன்னும் ஒரு பத்து..."

"உங்கிட்ட காசா கேட்டேன்?"

"இல்லக்கா, ஒரு ஒத்தாசைக்கு..."

"மூடுடா அத. சில்லற சத்தம் காது கூசுது." உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "செவ்வாக்கிழம பெரிய கூட்டமாம். ஊரே வருதாம். அங்க எழுந்து ஒரே ஒரு வார்த்த சொல்லு. என் அக்கா ரெண்டாவது தடவ ஆர்டர் குடுக்கல, அது பழைய நகல், தேதி போடாதது என் தப்பு. அவ்ளோதான். அத நம்பினா கிடங்கத் தெறந்துவிடுவாங்க. எனக்குக் கடன் குடுக்கறவன் குடுப்பான், எவளாவது ஒருத்தி பொத்தான் வாங்க வருவா. இந்த வருஷம் தாண்டிடுவேன்."

"நம்பலன்னா?"

"நம்பலன்னா அது அவங்க பாவம். சொல்லாம இருந்தா உன் பாவம்."

"சொல்றேன். செவ்வாக்கிழம சொல்றேன்."

"போன மே மாசத்துலயும் இதத்தான் சொன்ன."

"சத்தியமாக்கா."

செவ்வாய் மதியம் மண்டபம் நிறைந்து வழிந்தது. பெண்களுக்கு உள்ளே இடம் கிடையாது. பனியும் மழையும் கலந்து ஊற்றிக்கொண்டிருந்த வாசல் படியருகே அக்கா போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே போகும்போது என் கையை ஒரு முறை பிடித்துவிட்டாள்.

சரக்கைக் குழுவிடம் கொடுக்க மறுத்த சில கடைக்காரர்களின் பெயர்களைப் படித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் தரை அதிர மிதித்தார்கள். அப்போது ஈயப் பாத்திரம் செய்கிற நாதன் ஹோவி எழுந்தார். எளிய மனுஷர், மெதுவாகப் பேசுகிறவர்.

"ஐயா, அந்தப் பட்டியல்ல மூணாவது பேரு எங்க பக்கத்து வீடு. தப்பு செஞ்சவர்தான், இல்லேங்கல. ஆனா வீட்டுல பிள்ளைங்க வேகாத மாவத் தின்னுதுங்க. கொஞ்சம் பாத்து..."

"ஹோவிக்குக் குளுருது போல, நடுங்கறாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாராவது ஒரு கோட்டு குடுங்கப்பா!"

"தாரு பூசின கோட்டா, இறகு வெச்ச கோட்டா?"

"ரெண்டுந்தான், நல்லா ஒட்டும்!"

ஆகாதவன் மேல் தாரை ஊற்றி, இறகை ஒட்டி, ஊர்வலம் விடுவது எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம். மண்டபம் சிரித்துத் தீர்த்தது. ஹோவி உட்காரவில்லை, உட்காரவைக்கப்பட்டார். பக்கத்திலிருந்தவர்கள் அவரைவிட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள். அந்த ஒரு சாண் இடம் என் கண்ணிலேயே நின்றது.

என் கால்கள் எழுந்துவிட்டன. அதை நான் மறுக்கமாட்டேன். எழுந்து நின்றேன்.

"என்ன ஜோத்தம்? ஏதாவது சொல்லணுமா?" டீக்கன் மேடையிலிருந்து கேட்டார்.

ஆயிரம் முகம் திரும்பியது. என் வாயில் முதல் வார்த்தை இருந்தது. என் அக்கா.

"அந்த ஜன்னலச் சாத்தலாமான்னு கேக்க எழுந்தேன் டீக்கன் ஐயா" என்றேன். "அந்தக் கோட்டு இல்லாதவங்க நெறைய பேர் இருக்கோம்."

ஹோவிக்குச் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு எழுந்தது. எனக்கு நல்ல பேச்சு வரும் என்று சின்ன வயசிலிருந்தே எல்லோரும் சொல்வார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். நான் உட்கார்ந்தேன்.

கூட்டம் கலைந்தபோது அக்கா நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். போர்வை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"சொன்னியா?"

ஆள் நெரிசலில் கொஞ்ச தூரம் நடந்தேன்.

"சொன்னேன்."

"எல்லாத்தையும்? நகல், தேதி, எல்லாம்?"

"எல்லாம்."

"என்ன சொன்னாங்க?"

"நம்பல, அக்கா."

அவள் நின்றுவிட்டாள். அவளைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் போனார்கள், யாரும் அவள் மேல் படாமல்.

"உள்ள பெருசா சிரிப்புக் கேட்டுச்சே."

"என் பேச்சுக்குத்தான் சிரிச்சாங்க."

அதுவும் பொய் இல்லை. என் வாயிலிருந்து வருகிற உண்மைகள் எல்லாம் இந்த ரகம்.

"உன்ன ஒண்ணும் செய்யலயே? பேர எழுதிக்கிட்டாங்களா?"

"இல்ல. பைத்தியக்காரன்னு விட்டுட்டாங்க."

அவள் கையை நீட்டி என் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். கை ஐஸாக இருந்தது. "போதும்டா" என்றாள். "நீ எழுந்து நின்னியே. அவ்ளோ பேருக்கு முன்னால. உன்னத் தப்பா நெனச்சிட்டிருந்தேன் இத்தன மாசமா. மன்னிச்சிக்கோ."

இதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பேஷன்ஸ், "உங்க அக்கா விஷயத்தச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். கூட்டம் பெருசு, வாய்ப்புக் கிடைக்கல என்றேன். ஒரே நாளில் இரண்டு பேருக்கு இரண்டு கணக்கு. அவள் பிள்ளைகளுக்குச் சோறு போடப் போய்விட்டாள்.

அதுவரை அக்கா போராடிக்கொண்டுதான் இருந்தாள். குழுவுக்கு மனு எழுத வேண்டும், போதகரைப் பார்க்க வேண்டும், வக்கீலிடம் அவகாசம் கேட்க வேண்டும் என்று ஏதாவது யோசனை இருக்கும். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் விடுவார்கள் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு மாதம் இருட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, ஊர் கேட்டுச் சிரித்துவிட்டது, இனி என்ன இருக்கிறது. மனுவை நானே எழுதித் தருகிறேன் என்று போனேன். "வேணாம்டா, உன்னையும் இழுப்பாங்க" என்றாள்.

மார்ச்சில் கடையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, வடக்கே அரசரின் பட்டாளம் இருக்கும் ஹாலிஃபாக்ஸுக்குக் கப்பல் ஏறினாள். கோய்ட்டின் தங்கை ஒருத்தி அங்கே இருந்தாள். பட்டாளத்து அதிகாரிகளின் மனைவிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை. துறையில் வழியனுப்ப நான் மட்டும் போயிருந்தேன். "பிள்ளைங்களப் பாத்துக்கோ" என்றாள். பெட்டி ஒன்றுதான். அதை நான் தூக்கி வைத்தேன்.

சில வாரங்களில் செய்தி வந்தது. லண்டனில் வரியை எடுத்துவிட்டார்கள், தேயிலைக்கு மட்டும் விட்டுவைத்து. கண்ணாடி, ஈயம், வர்ணம், காகிதம் எல்லாம் பழையபடி. ஊர் ஆரவாரம் செய்தது. பிறகு நியூயார்க்குக்காரன் வாங்க ஆரம்பித்தான், பிலடெல்பியாக்காரன் வாங்க ஆரம்பித்தான், எங்கள் வியாபாரிகளுக்குக் கை அரித்தது. அக்டோபரில் மறுபடியும் அதே மண்டபத்தில் கூடி, தேயிலை தவிர மற்றதை இறக்கலாம் என்று கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். மறு வாரமே டீக்கனின் பாய்த்துணி எல்லாம் பூப்போட்ட பருத்தியாக மாறிக் கடை வாசலில் தொங்கியது.

கிடங்கைத் திறந்தார்கள். கடல் ஈரம் பட்டு ஊசி எல்லாம் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ரிப்பனில் எலி. ஒரு கண்ணாடிக் கூட்டின் மேல் யாரோ பீப்பாயை வைத்திருக்கிறார்கள். லண்டன் வக்கீல் எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டார்.

அந்த வாரம் ஹாலிஃபாக்ஸிலிருந்து அக்காவின் கடிதம் வந்தது. அவளே எழுதியது, எழுத்துகள் ஏறி இறங்கி. "கிடங்கு திறந்ததைக் கேள்விப்பட்டேன். எனக்கு எவ்வளவு பாக்கி என்று எழுது. தைத்துக் கட்டிவிடுகிறேன். ஊர் நம்பாவிட்டாலும் நீ ஒருத்தன் எனக்காகச் சொன்னாய். இங்கே கேட்கிறவர்களிடம் எல்லாம் அதைத்தான் சொல்கிறேன்."

அந்தப் பாக்கியை நான் கட்டியிருக்கலாம். ஊசியில் மட்டும் அதைவிட அதிகம் வந்திருந்தது. கட்டினால் ஏன் கட்டினாய் என்று கேட்பாள். அவளைப் போல என்னைத் தெரிந்தவள் வேறு யாரும் இல்லை. கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஆகவே வக்கீலிடம் விவரம் வாங்கி, சுத்தமாக, கோடு போட்டு, என் அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினேன்.

மெஹிட்டபெல் கோய்ட் பற்று:
லண்டன் சரக்கு — 112 பவுன் 8 ஷில்லிங்.
எட்டு மாத வட்டி — 3 பவுன் 15 ஷில்லிங்.
கிடங்கு வாடகை, பதினேழு மாதம், மாதம் 6 ஷில்லிங் வீதம் — 5 பவுன் 2 ஷில்லிங்.
சுமை கூலி, உள்ளே வைத்ததும் வெளியே எடுத்ததும் — 18 ஷில்லிங்.
ஏலக்காரர் தரகு — 3 பவுன்.
கடிதம் எழுதியதற்கு — ஒன்றுமில்லை.
ஆகப் பற்று — 125 பவுன் 3 ஷில்லிங்.

வரவு:
நாடா, ரிப்பன் — 38 பவுன்.
பொத்தான் — 14 பவுன்.
ஊசி, குண்டூசி, துரு — 3 பவுன்.
கண்ணாடி, ஒரு கூடு — 5 பவுன்.
கண்ணாடி, உடைந்த கூடு — ஒன்றுமில்லை.
ஆக வரவு — 60 பவுன்.

மெஹிட்டபெல் கோய்ட் தர வேண்டிய மிச்சம் — 65 பவுன் 3 ஷில்லிங்.